கமர்கட்டுக்கு மூடிய வாய்கள்

கிழிந்த உன் நீலப் புடவையை வெட்டி நீ தைத்த துணி இன்னும் கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. தூக்கி எறியத்தான் நினைத்தேன். பலகையைத் துடைக்க வேறு துணி இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருடம் நாம் இருவரும் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தோம். பாடக்குறிப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் நேரே 'எதிர்பார்க்கும் விடை' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் அதை முத்து முத்தாக எழுதி நிரப்பிவிடுவேன். "ஏண்டி, அதுங்க பேச வேண்டியதயும் நீயே பேசிட்டியா?" என்று சிரிப்பாய்.

வேலைக்கான தேர்வு நாள் வந்தது. அரியாங்குப்பம் பள்ளியில் காலியிடம் ஒன்றுதான். அது கிடைத்தால் அண்ணி கையால் வசவோடு சோறு வாங்கித் தின்னும் பிழைப்பு எனக்குத் தீரும். அது உனக்கும் தெரியும். ஒரே வகுப்பில் இருவரும் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்; முதலில் நீ நடத்திவிட்டு வந்தாய். அடுத்து நான் போய், மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்டேன். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் தினமும் மீன் கழுவும் வீராம்பட்டினத்துப் பெண் கூரையைப் பார்த்தாள். தேர்வாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார்.

பிறகு அந்தப் பெண்தான் சொன்னாள்: "முன்னாடி வந்த மிஸ்தான் பேசக் கூடாதுன்னாங்க. கமர்கட்டு குடுத்தாங்க."

உன்னிடம் கத்தினேன். நீ முகம்கூடச் சுளிக்கவில்லை. "உன் பாடம் நல்லா இருந்தா, ஒரு கமர்கட்டுக்கா அதுங்க வாய மூடிக்கும்?"

வேலை உனக்குப் போனது. நான் இன்னொரு வருடம் அண்ணியின் சோற்றைத் தின்றுகொண்டு படித்தேன். ஒவ்வொரு பாடக்குறிப்பையும் உன்னை நினைத்துத்தான் எழுதினேன். யாரும் பேசாவிட்டால் என்ன செய்வேன், அவர்கள் கையில் எதைக் கொடுப்பேன் என்று யோசித்து யோசித்து எழுதினேன். உன்மேல் இருந்த வெறுப்பில்தான் நான் ஆசிரியை ஆனேன்.

தலைப்பிரசவத்தில் நீ போய்விட்டாய். உன் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். உன் வகுப்புப் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. இந்த முறை யாரும் கமர்கட்டு கொடுத்திருக்கவில்லை. ஆனால் நான் தயாராக வந்திருந்தேன். ஒரு சங்கரா மீனை மேசையில் வைத்து, ஒவ்வொருத்தியாக வந்து செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். நான் கேள்வியே கேட்கவில்லை. பிள்ளைகள் முண்டியடித்தார்கள். உன்னை ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

கடைசி பெஞ்சுப் பெண் செவுளிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்: "இது மூச்சே விடலியே மிஸ். எங்க மிஸ்ஸும் இப்பிடித்தான் கெடந்தாங்களா?"

உன் துணியால் எழுதாத பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாடக்குறிப்பில் 'எதிர்பார்க்கும் விடை' கட்டத்தை நிரப்புவதில்லை. ஏன் காலியாக இருக்கிறது என்று அதிகாரி கேட்டால், "பிள்ளைங்க இன்னும் சொல்லல சார்" என்கிறேன்.