காலில் பட்ட தண்ணீர்

மார்ச் 4, 2024, திங்கள்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு குழந்தை, காக்ஸ் டவுனில் ஒன்று. இரண்டையும் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிவிட்டு வந்தேன். இதுதானே என் பிழைப்பு. ஆனால் வெந்நீர் பட்ட இடமெல்லாம் அரிப்பு. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, ஊசியால் குத்துகிற மாதிரி. டேங்கர் தண்ணீர் செய்கிற வேலைதான். ஊரே அதில்தான் குளிக்கிறது. எனக்கு மட்டும் ஏன்?

மார்ச் 19

காவேரித் தண்ணீர் பிடித்துக் குளித்தேன். அதற்கும் அரித்தது.

ஏப்ரல் 2

தங்கை ஷோபாவுக்கு ஆண் குழந்தை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து! அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டியபோதெல்லாம் இவள் பிள்ளைக்காகத்தான் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம்தான் வருகிறாள்.

ஏப்ரல் 13

தொப்புள்கொடி விழுந்து இன்று முதல் குளியல். ஹொஸ்கோட்டையிலிருந்து ஷோபாவின் மாமியார் லட்சுமம்மா வந்திருந்தார். குழந்தை என் காலில் அழவே இல்லை. துவட்டிக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்ச் சொறிந்துகொண்டேன். லட்சுமம்மா பார்த்துவிட்டார்.

"என்னம்மா சங்கமித்ரா, கால் பூரா கீறல்? இது கஜ்ஜி. சிரங்கு. கொழந்தைக்கு ஒட்டிக்கும்."

சாயங்காலமே ஆட்டோ வந்தது. ஷோபா என் முகத்தைப் பார்க்காமல் ஏறினாள்.

ஏப்ரல் 14

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எங்கக்கா அப்படிப்பட்டவ இல்லன்னு. ஒரே ஒரு வார்த்தை—

மே 6

தோல் டாக்டர் சிரங்கு மருந்து கொடுத்தார். கழுத்திலிருந்து பாதம் வரை பூசினேன், பாயைக் கூட வெயிலில் போட்டேன். அரிப்பு எதற்கும் கேட்கவில்லை. காக்ஸ் டவுன் அம்மா, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார். வராதே என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னார்.

ஜூன் 11

வேறு டாக்டர். காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "எப்பவும் இவ்ளோ சிவப்பா? தலைவலி உண்டா?" ரத்தம் எடுக்க அனுப்பினார்.

ஜூலை 9

ரத்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். எலும்புக்குள் சிவப்பணு அளவுக்கு மேல் உற்பத்தியாகிறதாம், ரத்தம் கெட்டியாகிவிட்டதாம். "இந்த நோய் இருக்கறவங்களுக்குத் தண்ணி பட்டாலே அரிக்கும். வேற ரத்த நோயில காமாலை வந்து அரிக்கும், இரும்புச்சத்து கொறஞ்சு அரிக்கும். உங்க கால்ல இருக்கறதெல்லாம் உங்க நகம் போட்ட கீறல்."

ஒட்டுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ஒட்டவே ஒட்டாது."

வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றார். அது காதில் ஏறவில்லை. ஒட்டாது. வெளியே வந்ததும் ஷோபாவுக்குப் போன் செய்தேன். "அப்படியாக்கா? அத்தைகிட்ட சொல்றேன்" என்றாள்.

ஆகஸ்ட் 20

ரத்தத்தின் கெட்டி குறைய மறுபடி ஒரு பை ரத்தம் எடுத்தார்கள். தலைவலி விட்டது, அரிப்பு பாதிதான் குறைந்தது. ரத்தம் எடுக்க எடுக்க இரும்புச்சத்து இறங்கும், அதனாலும் அரிக்கலாமாம். என்ன நியாயமோ.

ஷோபா கூப்பிடவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

ஷோபா வந்தாள், பிள்ளையோடு. வெந்நீர் போட்டு, மணையும் எடுத்து வைத்திருந்தேன்.

"குளிச்சிட்டுதான்கா வந்தான்."

இனிமேல் காலில் போடுகிற வயசும் இல்லை, தானாக உட்காருகிறான். கை கழுவிக்கொண்டு வாங்கினேன். என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். கன்னத்தில் முத்தம் கொடுத்தேன்.

"டாக்டர் சொன்னத அத்தைக்கு நல்லா புரிய வெச்சிட்டேன்கா. ஒட்டாதுன்னு அவங்களே இப்ப எல்லார்கிட்டயும் சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டே அவனை வாங்கிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே முந்தானையால் அவன் கன்னத்தைத் துடைத்தாள்.

அவளுக்கே தெரியாது. கை தானாகச் செய்தது. நான் காபி போடப் போனேன்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் தூறல் பிடித்து, கை கால் எல்லாம் நனைந்து, பற்றி எரிந்தது. ஷோபா பஸ் ஜன்னலிலிருந்து பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன்.

பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் சொறிந்தேன்.