டோர்டிஸ் அக்கா பெயருக்கு வந்த பெட்டி

சியாங் மாய்,
மழை ஓய்ந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை.

டோர்டிஸ் அக்காவுக்கு, கடைக்காரி கேசோன் கைகூப்பி எழுதுவது.

உங்கள் கணவர் ஹால்வர் அண்ணன் போன திங்கட்கிழமை காலையில் இறந்துவிட்டார். மாரடைப்பு. குளியலறை வாசலில் விழுந்து கிடந்தவரை வாடகை வீட்டுச் சொந்தக்காரி பார்த்துவிட்டு எனக்குத்தான் போன் செய்தாள். வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். எல்லா வீட்டாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் நான் நம்பிக்கொண்டேன், நீங்களும் நம்பிக்கொள்ளுங்கள்.

எங்கள் எழுத்தை நீங்கள் மெதுவாகத்தான் படிப்பீர்கள். அதனால்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் பாதியில் மடித்து வைத்துவிடுவீர்கள்.

உடல் இன்னும் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருக்கிறது. சொந்தக்காரர் சம்மதம் எழுத்தில் வராமல் தகனத்துக்குத் தரமாட்டார்களாம். உங்கள் தூதரகத்தில் கேட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், நீங்கள் போனை எடுப்பதே இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த பெண், "நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். "கடைக்காரி" என்றேன். எழுத எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

நீங்கள் இங்கிருந்து கிளம்பிப் போனதற்கு என்ன காரணம் என்று நான் கேட்கப்போவதில்லை. பாதி எனக்குத் தெரியும். என் கடை ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று நீங்கள் அழுத அன்று நானும் அங்கேதானே இருந்தேன். வெண்ணெய் இருந்தது, ஓட்ஸ் இருந்தது, ஆஸ்திரேலியா ஜாம் இருந்தது. உங்கள் ஊர்ப் பழுப்புச் சீஸ் மட்டும் இல்லை. "இந்த ஊர்ல ஒரு நாளாவது காலைல எழுந்து, நம்ம வீட்டுல இருக்கோம்னு தோணியிருக்கா எனக்கு?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டீர்கள். அவர் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் போன மறுவாரமே அண்ணன் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். பழுப்புச் சீஸ் வரவழைக்க வேண்டுமாம். முடியாது என்றேன். முழுப் பெட்டியாகத்தான் எடுக்க வேண்டும், வழி நெடுக ஐஸில் வர வேண்டும், இந்த ஊரில் அதை யார் தின்பார்கள் என்று கணக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எப்ப வரும், முதலாளியம்மா?" என்றார். பாங்காக் வியாபாரி ஒருவனைப் பிடித்து, வேறு சரக்கோடு சேர்த்துக் கொஞ்சம் வரவழைத்தேன்.

அப்போது நடந்த கூத்து உங்களுக்குத் தெரியாது. சரக்கு வந்த அன்று அண்ணன் விசாவைப் புதுப்பிக்க எல்லைக்குப் போயிருந்தார். என் தம்பி பெண்டாட்டி விவரம் தெரியாமல் பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட்டாள். இங்கே இருக்கிற உங்கள் வெளிநாட்டு ஆட்களின் பழக்கம்தான் தெரியுமே. புதுச் சாமான் கண்ணில் பட்டால் அன்றைக்கே அள்ளிக்கொள்ள வேண்டும், மறுபடி வருமோ வராதோ. சாயங்காலத்துக்குள் அலமாரி காலி. ஒருவர் சோப்பு என்று நினைத்து வாங்கிப் போயிருக்கிறார். கனடாக்காரர் ஒருவர் நாலைந்து கட்டியை அள்ளிக்கொண்டு போய், அடுத்த நாள் சண்டைக்கு வந்தார். "கறுத்துப் போயிருக்கு, இனிக்க வேற செய்யுது. கெட்டுப் போனதையெல்லாம் எங்க தலையில கட்டுறியா?" என்றார். விற்றது விற்றதுதான் என்று சொல்லி அனுப்பினேன்.

ஹால்வர் அண்ணன் வந்து காலி அலமாரியைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திரும்ப விலைக்குக் கேட்டிருக்கிறார். தின்றவர்கள் தின்றது போக, தூக்கிப் போட்டவர்கள் போட்டது போக, ஓரம் வெட்டிய ஒரே ஒரு கட்டி கிடைத்தது. அதை என் மேசையில் வைத்து, "இத வச்சு ஒரு பொண்டாட்டியக் கூப்பிட முடியுமா?" என்று கேட்டார். "பாதிப் பொண்டாட்டி வருவா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நானும் ஒரு துண்டு தின்று பார்த்தேன். பாலையும் வெல்லத்தையும் அடிப்பிடிக்கவிட்டது மாதிரி இருந்தது. இதற்காகவா இந்த மனிதர் இப்படி அலைகிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் கேட்டுவிட்டேன். "அண்ணே, அக்கா அழுதது சீசுக்காக இல்ல. அதுகூடவா உங்களுக்குப் புரியல?"

"புரியுது. அவ கேட்டதுல கடையில வாங்குற மாதிரி இருந்தது இது ஒண்ணுதான்" என்றார்.

அதற்குப் பிறகு நான் கணக்குப் பேசவில்லை. முழுப் பெட்டிக்கே சொல்லிவிட்டேன். சுங்கத்தில் இது சீஸா மிட்டாயா என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கட்டியிலும் எங்கள் மொழியில் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். தினமும் வந்து வெளியே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காரம் போடாத நூடுல்ஸ் தின்றுவிட்டு, வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போவார். பெட்டி வந்தபிறகுதான் உங்களுக்கு எழுதுவேன் என்று இருந்தார். வெறும் வாக்கை நம்பி நீங்கள் வரமாட்டீர்களாம். பெட்டி நேற்று வந்தது.

அக்கா, நீங்கள் சம்மதத்தை மட்டும் எழுதி அனுப்பினாலும் காரியத்தை நான் குறையில்லாமல் செய்து முடிப்பேன். கோயிலில் பேசிவிட்டேன். பிட்சுகள் வருவார்கள். ஆனால் தகனத்துக்கு முன் எல்லோரும் வரிசையாக வந்து உடலருகே சந்தனப் பூ வைக்கிற நேரத்தில் வீட்டு ஆள் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. என் தம்பி, "நீயே நில்லு, உன்னை யாரு கேக்கப்போறாங்க?" என்கிறான். யாரும் கேட்கமாட்டார்கள்தான். அந்த இடம் எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அக்கா. அது என்னுடையது இல்லை.

கோபம் இருந்தால் கோபத்தோடேயே வாருங்கள். என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு நல்ல தூக்கம் வரட்டும், வழியில் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

பெட்டிக்கு அவரும் நானும் பேசிக்கொண்டதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொள்முதல் விலை, எனக்கு லாபம் கிடையாது. அதைச் சொன்னபோது, "உடம்பு கிடம்பு சரியில்லையா, முதலாளியம்மா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பணம் முழுவதும் முன்பே கொடுத்துவிட்டார். சரக்கு உங்கள் பெயருக்கு. நீங்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்புவது கிடையாது.

கேசோன்