ஊசிக்கு மறுநாள் பேசியவர்

தெலாவி,
ஞாயிறு மாலை

அன்புள்ள கத்துனாவுக்கு,

நாங்கள் இங்கே சண்டையும் சமாதானமுமாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நீ இருக்கும் தெசலோனிகிக்குப் போகிற பஸ்காரரிடம் பிளம் சட்னி இரண்டு பாட்டிலும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன், போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும். அந்தச் சனிக்கிழமை அவர் போனைப் பிடுங்கி, "இனிமே கூப்பிடாத. உன் மருந்தும் வேணாம், நீயும் வேணாம்" என்று சொன்னதிலிருந்து நீ கூப்பிடவே இல்லை. அவருடைய கல்லீரல் ஊசிச் செலவுக்காகத்தான் நீ அங்கே யாரோ ஒரு கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறாய், உனக்கு எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேள். டாக்டர் லாலியிடம் போய் அழுதேன். அவள் சொன்னாள், உடம்புக்குள் வைரஸ் நுழைந்தால் அது புகுந்த செல் ஒரு புரதத்தைச் செய்து வெளியே விடுமாம், அக்கம்பக்கத்துச் செல்கள் அதைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்ளுமாம். இன்டர்ஃபெரான் என்பது அதுதான், அதையேதான் வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள். ஃப்ளூவில் உடம்பு முறிவதும் யாரையும் பிடிக்காமல் போவதும்கூடப் பாதி அந்தப் புரதத்தின் வேலையாம், இவருக்கு வருஷம் பூராவும் ஃப்ளூ என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மனசு ரொம்ப இருண்டுவிட்டால் உடனே கூட்டி வரவும் சொன்னாள். ரத்தத்தில் கிருமி நன்றாகக் குறைந்திருக்கிறது, இப்போது பாதியில் விட்டால் திரும்பவும் ஏறிவிடும், கல்லீரல் தாங்காது. காப்பாற்றுகிற பொருளே ஆளை இப்படி ஆக்குமா என்று நான் அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இதற்கு நடுவில் மல்காஸ் வீட்டுக் கல்யாணம் வந்தது. விருந்தில் ஒயின் கோப்பையோடு எழுந்து நின்று வாழ்த்துச் சொல்ல உன் அப்பாவை விட்டால் இந்தத் தெருவில் யார். இவரோ இந்த மருந்தோடு குடிக்கக் கூடாது, லெமனேடைத் தூக்கிப் பிடித்து மணமக்களை வாழ்த்தினால் ஊர் சிரிக்கும், இந்த வாரம் ஊசியே வேண்டாம் என்று அடம். மல்காஸ் நேரே வந்து, "யோவ் அவ்தோ, ஒயினை ஊத்த எங்க வீட்ல ஆயிரம் தொண்டை இருக்கு, பேசறதுக்குத்தான் ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை இவர் தானாகவே சட்டையைத் தூக்கி ஊசிக்கு வயிற்றைக் காட்டினார். இன்றைக்குக் கல்யாணத்தில் கம்பளிக்கோட்டோடேயே மற்ற வாழ்த்தையெல்லாம் அழகாகச் சொன்னார். தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான வாழ்த்து வந்தபோது எழுந்தார், கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு சொல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னைக் கேட்டார், "சியாலா, அவகிட்ட அப்படிச் சொன்னது நான்தானா?"

மருந்துதான் என்று சொன்னேன். அது முழுக்க உண்மையா என்று எனக்குத் தெரியாது, மகள் உழைப்பில் பிழைப்பது அவருக்கு முன்பே தைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர்தான், அது எனக்கு நிச்சயம்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. குளிரில் கழுத்தை மூடிக்கொள். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, சனிக்கிழமை கூப்பிடாதே, அது ஊசிக்கு மறுநாள். வியாழக்கிழமை கூப்பிடு. வியாழக்கிழமைகளில் அவர் உன் அப்பா.

உன்னைத் தினமும் நினைத்திருக்கும்
அம்மா சியாலா