இருநிலனின் தாய்மாமன்

டிக்கெட் கிழித்த கையாலேயே ஒரு ராஜ்ஜியத்தையும் கட்டிவிட்டுப் போன என் நைனாவுக்கு,

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ கதை எழுதிய கடைசி நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களில்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எதிரே ஆபரேஷன் தியேட்டர் கதவு. உள்ளே இருப்பவர் அம்மாவின் அண்ணன். என் பக்கத்தில் அம்மா. ஆமாம், அம்மாவேதான். அவளை இங்கே கொண்டுவந்தது நான் சொன்ன ஒரு பொய். அதையும் உன் பெயரில் சொன்னேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா படித்ததெல்லாம் தெலுங்கு; தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் தினமும் சாயங்காலம் காபி குடித்ததும் உன் நோட்டை எடுத்து நான்தான் வாசிப்பேன். சித்தூர் டிப்போவில் வண்டி கிளம்பக் காத்திருந்த நேரத்திலெல்லாம் எழுதியதல்லவா, பாதிப் பக்கம் டீக்கறை. "கண்டக்டரே, உன் ராஜா இன்னைக்கு எந்த ஸ்டாப்புல எறங்கினாரு?" என்று உன் கூட்டாளிகள் கேட்பார்களாம். நீ சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருப்பாயாம்.

இங்கிலீஷ் கதைகளில் எல்ஃப் என்று சாவே இல்லாத ஒரு ஜனம் வருமே, அவர்களுக்கு நீ வைத்த பெயர் நெடுவாழ்வர். அந்தக் குலத்துப் பெண் தளிரி. ஆற்றைக் கடக்கப் படகேறியவள் படகோட்டியையே கட்டிக்கொண்டாள். அவர்களுக்குப் பிறந்தவன்தான் உன் ராஜா இருநிலன், பாதி நெடுவாழ்வன், பாதி மனுஷன். மற்றவர்களுக்கு இரண்டு வயது ஏறினால் அவனுக்கு ஒன்றுதான் ஏறும். பேரன் கிழவனாகிப் பல் கொட்டிய வருஷம்தான் ராஜாவுக்கு முதல் நரை. பெண்டாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் தன் கையாலேயே மண்ணுக்குக் கொடுத்தான். பட்டத்துக்கு வரவேண்டியவர்கள் காத்திருந்து காத்திருந்தே கிழவர்களானார்கள். எப்படி நைனா உனக்கு இதெல்லாம் தோன்றியது?

அவன் வம்சத்தை நம் வீட்டு பைபிளின் முதல் தாளில், நம் பிறப்பு, கல்யாணத் தேதிகளுக்குக் கீழேயே எழுதி வைத்தாயே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சபைப் பதிவேட்டுக்காக அந்தத் தாளைப் பார்த்து எழுதிய செக்ரட்டரி இருநிலனையும் நம் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். வருஷா வருஷம் அவன் பிறந்தநாளுக்கு ஆராதனையில் ஜெபம் செய்கிறார்கள். நீயும் திருத்தவில்லை, "ராஜாவுக்கும் ஜெபம் வேணும்தானே" என்றாய். நானும் திருத்தவில்லை.

கதையில் எனக்கு மூச்சு முட்டிய இடம் ஒன்று உண்டு. நெடுவாழ்வருக்குச் சாவே கிடையாது, அதனால் கருமாதியும் தெரியாது. தளிரி படகோட்டியோடு போன பிறகு அவள் அண்ணன் முகிலோன் மனுஷர்களிடம் ஆளனுப்பி அதைக் கற்றுக்கொண்டான். அந்தக் குலம் செய்த ஒரே கருமாதி, உயிரோடு இருந்த ஒரு பெண்ணுக்கு.

இதை வாசித்த அன்று அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பலமனேர் பஸ்ஸில் காலேஜுக்கு வந்துகொண்டிருந்த பெண் அந்த பஸ்ஸின் கிறிஸ்தவக் கண்டக்டரைக் கட்டிக்கொண்டதும், அவள் அண்ணன் குளக்கரையில் நின்று அவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்ததும் எனக்குத் தெரியும். உனக்கு இத்தனை வருஷமாக அது உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது என்றுதான் தெரியாது. ஏன் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை?

நேற்று மத்தியானம் போன் வந்தது. மாமாவின் மகன், வெளிநாட்டிலிருந்து. மாமாவுக்கு நெஞ்சில் அடைப்பு, இன்று காலையில் ஆபரேஷன். அத்தை உயிரோடு இல்லை. அவன் வந்து சேர இன்று சாயங்காலம் ஆகிவிடும். ரத்த சொந்தம் யாராவது கையெழுத்துப் போடவேண்டும். மாமா அம்மாவின் பெயரைத்தான் சொல்கிறாராம்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"எனக்குக் கருமாதி பண்ணிட்டாரு இல்ல? செத்தவ எப்பிடிடி ஆஸ்பத்திரிக்குப் போறது?"

நான் கெஞ்சினேன். கத்தியும் பார்த்தேன். உன் பெண்டாட்டியின் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? சாயங்காலம் எதுவுமே நடக்காதது மாதிரி, "உங்க நைனா கதையைப் படி" என்றாள்.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கம் நைனா. முகிலோனுக்கு நோய். நெடுவாழ்வர் குலத்தில் யாருக்குமே வராத நோய். அக்கரையிலிருந்து தளிரிக்கு ஆள் வந்திருக்கிறது. அவள் வர மாட்டேன் என்கிறாள். இருநிலன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஆற்றங்கரையில் நிற்கிறான். அதோடு உன் எழுத்து நின்றுவிட்டது. உனக்கு நேரம் கிடைக்கவில்லையா, இல்லை, என்ன எழுதுவது என்று உனக்கே தெரியவில்லையா?

நான் தாளைத் திருப்பினேன். ஒரு எழுத்துகூட இல்லாத பக்கத்தைப் பார்த்து வாசித்தேன். அம்மா கண்ணில் படாதபடி நோட்டை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"இருநிலன் சொன்னான்: அம்மா, அவர்கள் உனக்குக் கருமாதி செய்தார்கள். ஆனால் நீ சாகவில்லை. அப்படியென்றால் அந்தக் கருமாதி பலிக்கவில்லை. பலிக்காத சடங்குக்கு நீ ஏன் கட்டுப்படுகிறாய்? தளிரி படகில் ஏறினாள்."

"உங்க நைனாவா எழுதிக்கிறாரு?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வாயால்தான் சொன்னேன்.

காலையில் நான் எழுந்தபோது புடவை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்தோம். நான் எதைப் போய் எழுப்பிவிட்டேன் என்றே தெரியவில்லை.

மாமாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மனுஷர் எலும்பும் தோலுமாக இருந்தார். நர்ஸ் படிவத்தை நீட்டி, "பேஷண்ட்டுக்கு மீரு ஏமவுதாரம்மா?" என்று கேட்டாள். என்ன உறவு என்ற இடம் காலியாக இருந்தது. அம்மா பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"செல்லெலினி," என்றாள் அம்மா. தங்கச்சி. தெலுங்கில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. "பாப்பா" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

அது மூடி மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. யாரும் வெளியே வந்து எதுவும் சொல்லவில்லை. சற்று முன்பு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"தளிரி போனா சரி. அவ அண்ணன் பொழைச்சானா? அப்புறம் இன்னா எழுதிக்கிறாரு? படி."

என்னால் முடியவில்லை நைனா. அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து இன்னொரு வெற்றுத் தாளை வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நோட்டை அவள் மடியில் வைத்தேன். நைனா கரையோடு நிறுத்திவிட்டார், படகில் ஏற்றியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன்.

அவள் அந்த வெற்றுத் தாளைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள், எத்தனை பாக்கி இருக்கிறது என்று பார்ப்பவள் மாதிரி. பிறகு நோட்டை என்னிடமே கொடுத்தாள்.

"ஏத்தினவ நீதானே? அப்போ நீயே எழுது. என் அண்ணன பொழைக்க வை."

எழுதுகிறேன் நைனா. கதவு திறந்து என்ன சேதி வந்தாலும், முகிலோன் எழுந்து உட்கார்ந்து தங்கையிடம் பேசாமல் உன் ராஜாவின் கதையை நான் முடிக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மகளும்,
உள்ளே படுத்திருப்பவரின் தங்கை மகளுமான
எஸ்தர்