கீழ்ப்பரல் நாட்டில் சிவப்புக் கறுத்த காரணம்

ஏழு குன்றுகளின் நிழலில் வாழும் உயிரெல்லாம் அஞ்சாமல் உறங்கத் தாம் கண்விழித்திருப்பவரும், வேழக்கோட்டை அரியணைக்கு உரியவரும், யானைப்பொறி பொறித்த வெண்குடையின் தலைவருமாகிய பெருவேள் அமரகேசரி மன்னரின் திருமுன்பு, அவர் ஆணையால் கீழ்ப்பரல் நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அமைச்சனாக அமர்த்தப்பட்ட விண்ணன் சாத்தன், செம்பரலூரிலிருந்து நிலம் தோய வணங்கி விடுக்கும் ஆண்டோலை. மன்னரின் கோல் சாயாதிருக்க. குன்றுகளின் சுனைகள் வற்றாதிருக்க. இதைப் படிப்பவரின் குரல் நடுங்காதிருக்க.

ஆண்டின் நன்மைகளை முதலில் சொல்வதே முறை. ஆயினும் சாத்தனை உறங்கவிடாத ஒரு சிறு புதிர் முன்னே வந்து நிற்கிறது. ஒரே நிலத்தில் அகழ்ந்த சாயவேர், ஒரே கிணற்று நீர், ஒரே கை. செம்பரலூர்த் தொழிற்கூடத்தில் அந்தக் கை தோய்த்த துணி மாதுளம்பூவாய்ச் சிவந்தது. அதே கை தன் வீட்டு முற்றத்தில் தோய்த்த துணியோ எரிந்த காடுபோல் கறுத்தது. ஒரு வீட்டில் மட்டும் இப்படி நேர்ந்திருந்தால் கைப்பிழை என்று விட்டிருக்கலாம். கூடத்தில் பயின்று திரும்பிய சாயக்காரர் வாழும் ஊர்தோறும் இதுவே நேர்ந்தது. இது ஏன் என்று சாத்தனுக்கு நெடுநாள் விளங்கவில்லை. இந்தப் புதிரின் விடைமேல் இன்று ஒரு பெண்ணின் உயிர் தொங்குகிறது.

கீழ்ப்பரல் நாடு பரற்கல்லும் மணலுமான நிலம் என்பதை மன்னர் அறிவார். நெல் முளைக்காத அந்த மணலில் சாயவேர் மட்டும் தானே படர்ந்து கிடந்தது. அதன் மதிப்பறியாத மக்கள் கோடைதோறும் வீட்டைப் பூட்டிவிட்டு, அயல்நாட்டு வயல்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மன்னர் இரங்கித் தொழிற்கூடங்கள் அமைத்தார். தறியும் சாயமும் தச்சும் கற்பிக்கச் செய்தார். இந்தக் கோடையில் பூட்டிய கதவுகள் அரிதாயின. சந்தை கூடாத ஊர்களில் சந்தை கூடிற்று. பயிற்சி முடித்த சாயக்காரர்கள் இவ்வாண்டு முதன்முறையாகத் தத்தம் ஊர்களிலேயே தொழில் தொடங்கினார்கள். அவர்களுக்கு மன்னர் தம் திருக்கையால் யானைப்பொறி பதித்த கொப்பரைகளைப் பரிசளித்தார். செம்பு எளிதில் நெளிந்துவிடும், இரும்பு பேரன் காலத்துக்கும் நிற்கும் என்று திருவாய் மலர்ந்து, அவற்றை இரும்பிலேயே வார்க்கச் செய்தார். அன்று அவையில் மகிழ்ந்து கைதட்டியவர்களுள் சாத்தனும் ஒருவன்.

அவ்வூர்ச் சாயக்காரர்களின் முதற்பணியாக, மன்னர் முடிசூடிய நாளின் ஆண்டு விழாவுக்குரிய செங்கொடிகளைத் தோய்க்கும் பெருமையையும் மன்னர் அளித்தார். கொடிகளைப் பெற்றுவரத் தண்டநாயகர் கோளரியார் குதிரைப்படையுடன் நெருஞ்சிப்பாழி என்னும் ஊரை நோக்கி வந்தார். மேட்டில் ஏறி அவர் கீழே நோக்கியபோது, ஊர் முழுவதும் கயிறுகளில் கரிய துணிகள் அசைந்துகொண்டிருந்தன. வெயிலில் உலர உலரச் சாயத்தின் மங்கல் போய்ச் சிவப்புத் தெளியும் என்று கூடத்தில் கற்றிருந்ததால், அவ்வூர்ப் பெண்கள் நம்பிக்கையை விடாமல் அவற்றை வெயிலில் இட்டிருந்தார்கள்.

கரிய கொடி இந்நாட்டில் எப்போது பறக்கும் என்பதை மன்னரிடம் சொல்லவே சாத்தனின் நா கூசுகிறது. படைவீரர்கள் மன்னர் மறைந்தார் என்றே எண்ணிக் குதிரைகளிலிருந்து இறங்கினார்கள். தலைப்பாகைகளைக் கழற்றி மார்பில் அறைந்துகொண்டு அழுதார்கள். தண்டநாயகரும் அழுதார். ஊருக்குள் வந்து, மன்னர் நலமாயிருக்கிறார் என்று தெரிந்த பின்பு, தாம் அழுததை நினைத்தே தண்டநாயகருக்குச் சினம் மூண்டது. மன்னருக்குச் சாவு வேண்டிக் கொடியைக் கறுக்கவைத்தாள் என்று குற்றஞ்சாட்டி, அவ்வூர்ச் சாயக்காரர்களின் தலைவியாகிய உமையநங்கை என்பவளைச் சங்கிலியிட்டுச் செம்பரலூர்ச் சிறையில் அடைத்தார். வரும் அமாவாசையில் தண்டனை நிறைவேறும் என்று பறையறைந்தார்.

அதன்பின் நாட்டில் பரவிய அச்சத்தைச் சாத்தன் தன் கண்ணால் கண்டான். சாய அடுப்புகளை மக்கள் நீரூற்றி அணைத்தார்கள். சேர்த்து வைத்த வேரைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். கூடத்தில் பயிலும் பெண்களைப் பெற்றோர் வந்து கையைப் பிடித்து இழுத்துச் சென்றார்கள். கறுப்பு நூல் எவர் வீட்டிலேனும் கிடைத்தால் ஒற்றர் பிடிப்பார் என்ற பேச்சு கிளம்பியதால், முதியவர்கள் தம் கண்மையைக்கூடத் துடைத்துவிட்டே வெளியே வந்தார்கள். சாத்தன் ஒரு தெருவில் நுழைந்தால் அந்தத் தெருவின் கதவுகள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன. மூன்று ஆண்டுகளின் உழைப்பு அந்தக் கதவுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

பிழை எந்தப் படியில் நுழைந்தது என்று தேட, தொழிலைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மன்னரும் பொறுமையோடு அதைக் கேட்டருள வேண்டும். வெறுந்துணியில் சாயவேரின் சிவப்பு நிற்பதில்லை, துவைத்தவுடன் ஓடிவிடும். ஆகவே துணியை முதலில் எருமைப்பாலில் கலந்த கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பின்பு படிகார நீரில் நனைப்பார்கள். கடுக்காய் துணியைப் பற்றிக்கொள்ளும். படிகாரம் கடுக்காயைப் பற்றிக்கொள்ளும். கொதிக்கும் கலத்தில் இடும்போது வேரின் நிறம் படிகாரத்தைப் பற்றிக்கொள்ளும். ஒன்றின் கையை மற்றொன்று பிடித்து நிற்கும் இந்த வரிசையில் ஒரு கை நழுவினாலும் நிறம் நிலைக்காது.

சாத்தன் ஒவ்வொரு கையாகச் சோதித்தான். ஊர்க் கிணற்று நீரைக் கூடத்துக்குக் கொணர்ந்து காய்ச்சினான், சிவந்தது. ஊரில் புதைத்த வேரை அகழ்ந்து வந்து காய்ச்சினான், சிவந்தது. அவர்களுடைய கடுக்காய், பால், படிகாரம் அனைத்தும் கூடத்தில் சிவப்பையே தந்தன. ஒன்று மட்டும் வியப்பாயிருந்தது. மன்னரின் பரிசைப் போற்றி நடந்த வீடுகளில் துணி மிகக் கறுத்திருந்தது. நெருஞ்சிப்பாழியிலேயே மிகவும் சோம்பேறி என்று ஊரார் கேலிசெய்யும் ஒரு வீட்டில் மட்டும் துணி பழுப்போடு நின்றிருந்தது. பக்தி மிகுந்த இடத்தில் நிறம் ஏன் கெட வேண்டும்?

வேறு வழி காணாது, உமையநங்கையே தண்டநாயகரின் முன்னிலையில் ஒரு துணி தோய்த்துக் காட்ட வேண்டும் என்று சாத்தன் வேண்டினான். தண்டநாயகர் இசைந்தார். அவளுடைய கொப்பரை குற்றப்பொருளாகக் கருவூலத்தில் பூட்டப்பட்டிருந்ததால், சிறையின் மண் கஞ்சிப்பானை ஒன்றைக் கொடுத்தார்கள். கஞ்சிப்பானையில் காய்ச்சிய கொடி பறக்குமா, பசிக்குமா என்று காவலர் நகைத்தனர். அதற்கு அவள் சொன்னதைச் சாத்தன் மாற்றாமல் எழுதுகிறான்: “சிரிக்கிறவரே, விறகை ஊதும். துணி சிவக்காவிட்டால் என்னை வையும். சிவந்தால் பானையை நான் கழுவித் தரமாட்டேன், நீரே கழுவிக்கொள்ளும்.”

துணி சிவந்தது. சிறை முற்றத்தில் இருந்தவர் அனைவரும் கண்ணால் கண்ட சிவப்பு அது. சாத்தன் அவளைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணி மூச்சுவிட்டான். அந்த மூச்சு முடியுமுன் தண்டநாயகர் அவன் பக்கம் திரும்பினார். “சாத்தனாரே, இன்று சிவக்கவைத்த கைக்கு அன்றும் சிவக்கவைக்கத் தெரிந்துதானே இருக்கும்? தெரிந்தும் கறுக்கவைத்தாள் என்றால் அதற்கு என்ன பெயர்?” என்று வினவினார். அவளை விடுவிக்க அவன் செய்த சோதனையே அவள் குற்றத்துக்குச் சான்றாகிவிட்டது. அதுவரை நிமிர்ந்து நின்ற உமையநங்கை, அப்போதுதான் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். தனக்கொன்று நேர்ந்தால் தன் ஊர்ப் பெண்களை அடுப்பு மூட்டவிடுவார்களா என்பதை மட்டுமே அவள் கேட்டாள்.

அன்று சாத்தன் சிறை முற்றத்தை விட்டு அகலவில்லை. கழுவப்படாத அந்தக் கஞ்சிப்பானையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீர், வேர், கடுக்காய், கை அனைத்தும் அவளுடையவை. மாறியது பானை ஒன்றுதான். கூடத்திலோ காய்ச்சுவது செப்புக் கொப்பரையில். அப்படியானால் ஊர்தோறும் சிவப்பைக் கறுப்பாக்கியது மன்னரின் திருக்கைப் பரிசு. இந்த எண்ணம் தோன்றியபோது, தண்டநாயகரின் வாளைக்காட்டிலும் தன் எண்ணமே அவனை மிகுதியாக அச்சுறுத்தியது. அதைச் சொன்னவன் தலை தப்பாது. சொல்லாவிட்டால் அவள் தலை தப்பாது.

கெடுத்தது மன்னரின் கொடையா, இரும்பு என்னும் பொருளா என்பதைப் பிரித்தறியாமல் திருமுன்பு ஒரு சொல்லும் எழுதலாகாது என்று சாத்தன் துணிந்தான். கஞ்சிப்பானையில் மீண்டும் சாயம் கொதிக்கவைத்து, பதமாக்கிய துணியை இட்டு, தன் மடியிலிருந்த இரும்பு எழுத்தாணியை, ஊரார் கொப்பரையைத் துலக்குவதுபோல் புளியால் துலக்கி உள்ளே போட்டான். அந்த எழுத்தாணி அவன் சொந்தப் பொருள். அதில் யானைப்பொறி இல்லை. துணியை எடுத்தபோது ஆணி கிடந்த இடத்தைச் சுற்றிக் கறுப்புப் படர்ந்திருந்தது; அதற்கு அப்பால் மெல்ல மெல்லச் சிவப்பு. இரும்பும் கடுக்காயும் சேர்ந்தால் மையாகும். அரண்மனைக் கணக்கர் கரிய மை காய்ச்சுவதும் அப்படித்தான். துணியிலிருந்த கடுக்காய், படிகாரத்துக்கு நீட்ட வேண்டிய கையை இரும்புக்கு நீட்டிவிட்டது.

பக்தி மிகுந்த வீட்டில் நிறம் மிகக் கெட்டதன் காரணமும் அப்போது விளங்கிற்று. அரசர் அளித்த கலத்தைப் பணி தொடங்குமுன் புளியிட்டு ஒளிவிடத் துலக்குவது இம்மக்கள் வழக்கம். புளி இரும்பின் மேற்படிவை அரித்து, புதிய இரும்பை நீருக்குத் திறந்துவிடும். அவர்கள் எவ்வளவு அன்போடு தேய்த்தார்களோ அவ்வளவுக்குத் துணி கறுத்தது. துலக்காமல் விட்ட சோம்பேறியின் கொப்பரையைப் பழைய எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்ததால் அவன் துணி பழுப்போடு தப்பியது. ஆக, நெருஞ்சிப்பாழியின் கரிய துணிகள் மன்னருக்குச் சாவு வேண்டியவை அல்ல. மன்னரை மிகுதியாகப் போற்றியதால் கறுத்தவை.

எழுத்தாணியின் கறை பட்ட அந்தத் துணியே இவ்வோலையைச் சுற்றிக் கட்டப்பட்டுள்ளது. சாத்தன் சொல்லை நம்ப வேண்டுவதில்லை. அரண்மனை அடுக்களையிலிருந்து ஒரு மண்பானையும், ஆயுதசாலையிலிருந்து ஒரு பழைய ஆணியும் வருவித்து, மன்னர் தம் கண்முன்னே காய்ச்சிப் பார்த்தருள வேண்டுகிறான். அளித்த கொப்பரைகளும் வீண்போகா. கரிய கரையிட்ட சேலைக்குக் குன்றுக்கு அப்பாலுள்ள வணிகர் ஏங்கி நிற்கிறார்கள். இரும்புக் கொப்பரை அந்தக் கறுப்பைத் தரும். மண்பானை சிவப்பைத் தரும். ஒரு நிறம் பெறக் கருதிய நாட்டுக்கு மன்னரின் கொடையால் இரு நிறங்கள் வாய்த்தன என்றே சாத்தன் இவ்வாண்டின் வளர்ச்சியை முடித்து எழுத விரும்புகிறான். கரிய கரைத்துணி தோய்ப்பது குற்றமன்று என்று திருவாய் மலர்ந்தால் மக்கள் அடுப்பு மூட்டுவார்கள்.

அமைச்சன் ஒருவன் தன் மோதிரத்தைக் கழற்றிக் கைதியோடு உடனிருந்தால், அரசரின் சொல் வரும்வரை தண்டனை நிற்கும் என்பது மன்னரின் பாட்டனார் வகுத்த முறை. இவ்வோலை குதிரையேறியதும் சாத்தன் மோதிரத்தைத் தண்டநாயகரிடம் ஒப்படைத்துச் சிறைக்குள் செல்கிறான். மன்னரின் கொடையைப் பற்றி இங்கு எழுதியது குற்றமாயின் அக்குற்றம் அவனுடையதேயன்றி உமையநங்கையுடையது அன்று. அவன் அஞ்சவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

மோதிரத்தைக் கழற்றுமுன் அவன் இட்ட கடைசி முத்திரை இதன் கீழ் உள்ளது. இதே முத்திரையோடு, மன்னரின் இசைவுக்குக் காத்திராமல், கீழ்ப்பரல் நாட்டின் எல்லாத் தொழிற்கூடங்களுக்கும் எல்லா ஊர்களுக்கும் இன்று சென்ற கட்டளையாவது: சிவப்பு வேண்டுவோர் மண்பானையில் காய்ச்சுக, மரக்கோலால் கிளறுக, அப்பானைக்குள் இரும்பு படாதிருக்க.