கோடித்துணி கொண்டுபோனவன்

கொல்லம் 1127, ஆனி 9

விடாத மழை. சரக்குக் கிட்டங்கி ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. வத்தல் மூட்டையெல்லாம் கிழக்குச் சுவர் பக்கம் மாற்றணும். மாற்ற ஆள் இல்லை. சுமட்டுக்காரன் ஒருத்தன்கூட இன்று நம்ம கடை வாசலை மிதிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் தம்பியைப் போலீஸ் கொண்டுபோயிற்று. ஆரியசாலைத் தெருவே கடையை விட்டு இறங்கி நின்று வேடிக்கை பார்த்தது. எண்ணெய்க்கடைக்காரர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நல்ல மனுஷன்.

செல்லப்பன் செத்து நாலு நாள். அப்பா காலத்திலிருந்து நம்மிடம் மூட்டை சுமந்தவன். கிட்டங்கியில் தம்பிக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு, மூட்டையை மழையில் நனைய விட்டான் என்று. நான் முன்கடையில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம்தான் கேட்டது. செல்லப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். "ஒண்ணுமில்ல மொதலாளி" என்று சொல்லிப் போனவன், மறுநாள் விடியுமுன் செத்துப்போனான்.

தம்பி பிடித்துத் தள்ளியதில் தராசு மேடையில் தலை இடித்தது என்று கிட்டங்கியில் கூட நின்ற செல்லப்பன் மச்சினன் மாணிக்கம் இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறான். தம்பி சொல்வது வேறே. "நான் தொடவே இல்ல அண்ணாச்சி. மூட்டை அட்டி சரிஞ்சு அவன் மேல விழுந்துது." தம்பிக்கு முன்கோபம் உண்டு. ஆனால் பொய் சொல்கிற பிள்ளை இல்லை.

தம்பி பெண்டாட்டி தங்கம்மை வாயும் வயிறுமாக இருக்கிறாள். பச்சைத்தண்ணி குடிக்கவில்லை.

வக்கீல் பிடிக்கணும்.

ஆனி 11

மழை. வயிறு சரியில்லை. சுக்கு வெந்நீர்.

நம்ம வயல் வழக்கு நடத்திய நாகர்கோயில் வக்கீலுக்கு ஆள் அனுப்பினேன். "கிரிமினல் நமக்கு ஆகாது, அங்கேயே லோக்கல் ஆளாப் பாரும்" என்று பதில். பதினைந்து வருஷம் அவர் வீட்டுக்குப் புது நெல் போயிருக்கிறது.

இந்தத் தெருவில் மல்லி விலை தெரியாதவன்கூட வக்கீல் பேர் சொல்கிறான். கோட்டைக்குள்ளே ஒரு சுவாமி வக்கீல் இருக்கிறார், கொலைக் கேஸில் புலி என்றார்கள். போனேன். பூஜையில் இருக்கிறார் என்றான் குமஸ்தன். எனக்குத் தெரிந்து எந்தச் சாமியும் அவ்வளவு நேரம் பூஜை ஏற்றதில்லை. கடைசியில் வெளியே வராமலே, கேஸ் நிறையக் கையில் கிடக்கு என்று சொல்லி அனுப்பினார்.

அப்புறம் வஞ்சியூரில் ஒரு சின்னப் பையன் வக்கீல். கோட்டு நன்றாயிருந்தது. தமிழன், மலையாளி என்று மேடைப் பேச்சுப் பேசினான். "ஏ தம்பி, செத்தவன் எங்க கடையில சோறு தின்னவன்டே" என்று எழுந்து வந்துவிட்டேன்.

குடை ஒரு கம்பி போச்சு.

ஆனி 12

பரமேஸ்வரன் நாயர் வக்கீல். கிழவர். வெற்றிலை முறுக்கான் வாய். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். இந்த நாலு நாளில் என் பேச்சை முழுக்கக் கேட்ட முதல் ஆள்.

"பேடிக்கண்டா பிள்ளே, பயம் வேண்டாம். தள்ளினதைக் கண்ட சாட்சி ஒருத்தன்தான், அந்த மாணிக்கம். அவனை நான் நோக்கிக்கொள்ளாம்."

வேறு ஏதும் உண்டா என்றார். சாவு வீட்டுக்கு நான் கோடி கொண்டுபோனதைச் சொன்னேன். வாய் அசைவது நின்றது.

"கேஸ் வருன்னதுக்கு முன்னாடியே துணி கொடுத்தோ? எந்தினு?"

எதற்கா? நம்மிடம் கூலிக்கு நின்றவன் செத்தால் கடையிலிருந்து கோடித்துணி, அரிசி, தேங்காய், விறகு போகும். எரிக்குமுன் புதுத்துணியை உடம்பின்மேல் போர்த்திவிட்டு வரணும். எங்கள் அப்பா நடத்திய முறை. தம்பி அன்று தலைவலி என்று படுத்திருந்தான், நானே எடுத்துக்கொண்டு போனேன். இதில் என்ன?

"நிங்ஙளுக்கு அது முறை. கோடதியில் அதுக்கு வேறே பேர்."

செய்த தப்புக்குப் பரிகாரமாகத் துணி கொண்டுபோனான் என்று கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் சொல்வானாம். சாவு வீட்டுக்குப் போகாதவனை இந்த ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

ஆனி 25

ஜாமீன் இல்லை.

ஜெயிலுக்கு: வேட்டி 2, பல்பொடி, நல்லெண்ணெய், நார்த்தங்காய் (விடவில்லை, வார்டர் எடுத்துக்கொண்டான்).

தம்பி பாதியாகிவிட்டான். தங்கம்மை எப்படி என்றான். நல்லாச் சாப்பிடுகிறாள் என்று பொய் சொன்னேன். அப்புறம் குரலை இறக்கினான்.

"அண்ணாச்சி, கோடி கொண்டுபோனதைக் கேட்டா, தெரியாதுன்னு சொல்லிருங்க."

"ஏன் சொல்லணும்? மறைக்கதுக்கு நம்ம பேரில என்ன தப்பு?"

அவன் கம்பியை நகத்தால் சுரண்டினான். பயந்திருக்கிறான். நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன், ஜெயிலில் கிடக்கிறவனிடம்.

1128 ஐப்பசி 3

செஷன்ஸில் விசாரணை தொடங்கியது. துலாமழை, மத்தியானத்துக்கு மேல் இடி. கோர்ட்டு வராந்தாவில் ஈரக்குடை நாற்றம்.

மாணிக்கம் ஏறினான். தள்ளினதைக் கண்ணால் கண்டேன் என்றான். கிட்டங்கியில் விளக்கு உண்டா, மழை இருட்டு எப்படி, நீ எந்தப் பக்கம் நின்றாய் என்று ப. நாயர் மெல்ல மெல்லக் கேட்டார். கடைசியில், "சத்தம் கேட்டுத் திரும்பினப்போ விழுந்து கிடந்தான்" என்று வந்து நின்றான். தம்பி தலை நிமிர்ந்தது.

"பாதி ஜெயிச்சு" என்றான் நாயர் குமஸ்தன். வெளியே வந்து காப்பி குடித்தேன். பல நாளைக்குப் பிறகு காப்பி காப்பியாக இருந்தது.

ஐப்பசி 4

செல்லப்பன் பெண்டாட்டி பவானி சாட்சி. கறுத்து மெலிந்து போனாள். என்னைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மூத்த மொதலாளி வந்து கோடி போட்டார். ஒண்ணும் சம்சாரிச்சில்லா. போயி." நான் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டேனாம். அவ்வளவுதான் சொன்னாள். சர்க்கார் வக்கீல் ஜட்ஜியைப் பார்த்தான். ஒரு தலையாட்டு. போதும் அவனுக்கு.

நாயர் இப்போது என்னையே கூண்டில் ஏற்றப்போகிறார். இது கடையின் வழக்கம், யார் செத்தாலும் செய்வது என்று நிரூபிக்கணும். முன்னால் செத்தவர்கள் பேர் வேணும். யோசித்தேன்: வண்டிக்கார மணி. தராசு பிடித்த வேலாயுதன். வத்தல் புடைக்கிற காளியம்மை. மூன்று பேருக்கும் கோடி போயிருக்கிறது. எண்ணெய்க்கடைக்காரர் வந்து சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் நேர்ந்துகொண்டாள் தங்கம்மை. இன்று ராத்திரி அரைப்பிடி சோறு உள்ளே போயிற்று.

ஐப்பசி 6

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் தூக்கமும் வராது.

நன்றாகத்தான் சொன்னேன். மணி, வேலாயுதன், காளியம்மை எல்லாம். நாயர் திருப்தியாக உட்கார்ந்தார். ஜட்ஜிகூட எழுதிக்கொண்டே, நல்ல வழக்கம் என்று முணுமுணுத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது, அப்பா பேரைச் சொல்லியாயிற்று என்று. புத்தி கெட்ட பெருமை.

சர்க்கார் வக்கீல் எழுந்தான். சண்டைக்கு வருவான் என்று பார்த்தேன். ரொம்ப மரியாதையாக, தமிழிலேயே கேட்டான். இந்தக் கோடியை யார் வேணுமானாலும் கொண்டுபோகலாமா, அல்லது அதற்கும் முறை உண்டா?

முறை உண்டு என்றேன். கூலி கொடுத்த கைதான் கோடியும் போடணும். அப்பா அப்படித்தான் சொல்வார்.

கிட்டங்கியில் கூலி கொடுப்பது யார்?

தம்பி.

மணிக்குக் கோடி போட்டது? தம்பி. வேலாயுதனுக்கு? தம்பி. காளியம்மைக்கு? அவனேதான். காய்ச்சலிலும் கம்பளி போர்த்திக்கொண்டு போனான் என்றேன். அதையும் நானேதான் சொன்னேன், அவன் எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று காட்ட.

செல்லப்பனுக்கு?

நான்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

தலைவலி என்று சொல்லியிருக்கலாம். தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. காய்ச்சலோடு காளியம்மை வீட்டுக்கு நடந்தவன், தலைவலிக்காகச் செல்லப்பன் வீட்டுக்கு வராமல் இருக்கமாட்டான். அந்த உடம்பின் பக்கத்தில் போய் நிற்க அவனால் முடியவில்லை. இத்தனை மாசம் எனக்கு இது ஏன் தோன்றவில்லை? தம்பி என்பதால்தான், வேறென்ன.

நாயர் திட்டவில்லை. "நான் கேட்டிருக்கணும், பிள்ளே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசி 11

தீர்ப்பு. அஞ்சு வருஷம் கடுங்காவல்.

மாணிக்கத்தின் முதல் வார்த்தையே நிஜம் என்று ஜட்ஜி எடுத்துக்கொண்டார். அதற்கு என் சாட்சியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். என் பேரை இரண்டு தடவை வாசித்தார்கள்.

மேலே போகலாம் என்கிறார் நாயர். ஹைக்கோர்ட்டுக்கு எர்ணாகுளம் போகணும். சரி என்றேன்.

கொண்டுபோகிறபோது போலீஸ்காரன் ஒரு நிமிஷம் நிற்க விட்டான். தம்பி தோளைத் தொட்டேன். அவன்தான் பேசினான்.

"நீங்க உள்ளதத்தான அண்ணாச்சி சொன்னிய."

அதற்குப் பதில் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

தங்கம்மை நடைவாசலிலேயே நின்றாள். யாரோ முந்திவந்து சொல்லிவிட்டிருக்கிறார்கள். அழுகை இல்லை. கை கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"மேல்கோர்ட்டுல விட்டுருவாங்கல்லா அத்தான்? அவுக தொடவே இல்லியே."

"ஆமா தாயி. தொடவே இல்ல" என்றேன்.