ரேஷன் கடையோரம் நின்ற வண்டி

அண்ணே,

நீங்கள் வண்டி ஓட்டிய காலத்துப் பழைய லாக் புக்கைப் பீரோவில் வைக்க இன்று சாயங்காலம் எடுத்தேன். பிரித்ததும் உங்கள் மூக்குப்பொடி வாசனை குப்பென்று அடித்தது. ஆள் போய் ஒரு வருஷமாகிறது, பொடி மட்டும் போகவில்லை. தும்மிக்கொண்டேதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல சேதி. நம் வண்டி ஓடும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் புண் கட்டி, டியூப் மாற்றிவிடும் நம் வேலையைப் பஞ்சாயத்து ஒன்றியம் நிறுத்தவில்லை. அதற்குள் என் உயிரை வாங்கிவிட்டீர்கள், செத்தும்.

ரெட்டிபாளையம் பக்கம் நாம் போன முதல் வீடு ஞாபகம் இருக்கிறதா? வண்டி வாசலில் நின்றதும் அந்த அம்மா ஓடி வந்து, "இங்க நிறுத்தாதீங்க. பொண்ணு பாக்க வராங்க. இந்த வூட்ல சீக்காளி கெடக்குன்னு ஊரே பேசும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நீங்கள் மறுபேச்சில்லாமல் ரிவர்ஸ் எடுத்தீர்கள். அன்றிலிருந்து எந்த ஊரானாலும் வண்டி ரேஷன் கடையோரம். என் வெள்ளைக் கோட்டு வண்டியிலேயே கிடக்கும். பஞ்சும் மருந்தும் துணிக்கடைப் பையில். கனக்கிறது என்று முனகினால், "நடங்க சிஸ்டர், ஒடம்புக்கு நல்லது" என்பீர்கள். நீங்கள் மட்டும் நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பீர்கள்.

அதோடு விட்டீர்களா? "வூட்டுப் பேரெல்லாம் எதுக்கு, நாளைக்கு எவனாச்சும் படிப்பான்" என்று லாக் புக்கில் போன இடம் என்ற கட்டத்தில் 'ரேஷன் கடை' என்றே எழுதினீர்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அறிவு எங்கே போயிருந்தது நம் இரண்டு பேருக்கும்?

நேற்று ஒன்றியக் கூட்டம். இந்த வேலையை நிறுத்திவிட்டு வண்டியை வேறு எதற்காவது விடலாமா என்பதுதான் தீர்மானம். பதில் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓர் உறுப்பினர் லாக் புக்கை விரித்து வாசித்தார். "ரேஷன் கடை. ரேஷன் கடை. மறுபடியும் ரேஷன் கடை. ஏம்மா, நீங்க நோயாளி பாக்கப் போனீங்களா, அரிசி வாங்கப் போனீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நோயாளிகள் ரெஜிஸ்டரை நீட்டினேன். "பேரு யாரு வேணா எழுதலாம். எந்த வாசல்லயும் இந்த வண்டி நின்னு ஒருத்தரும் பாத்ததில்லையே?" செத்த மனுஷர் என்றும் பார்க்காமல் உங்கள் மேல் கோபம் கோபமாய் வந்தது.

எதிர் வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மாமியாருக்குக் கடைசி வரை நாம்தானே போனோம். அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பிரச்சினை தீர்ந்திருக்கும். வாய் வரை வந்தது. ஆனால் வெளியில் சொல்ல மாட்டோம் என்று அந்த வீட்டில் நின்று சொன்னவர் நீங்கள். முழுங்கிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்தார். "எங்க மாமியாரு ஆறு மாசம் கெடந்தாங்க. வாரா வாரம் இந்த சிஸ்டர்தான் வந்து புண் கட்டுனாங்க. வண்டி வாசலுக்கு வர வேணாம்னு நானுந்தான் சொன்னேன். இப்பவும் வாய மூடிக்கிட்டு இருந்தா நான் மனுசியே இல்ல." பின் வரிசையிலிருந்து ஒருவர், "எங்கப்பாவுக்கும்தான்" என்றார். கடைசியில் நிறுத்த வேண்டாம் என்று எல்லாரும் கையைத் தூக்கினார்கள். லாக் புக்கை வாசித்தவரும் தூக்கினார்.

நான் வராண்டாவுக்குப் போய் ஓவென்று அழுதேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்றுதான் அண்ணே. ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் என்னாலும் மாற முடிவதில்லை. அதனால்தான் இந்தத் தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து ஒரு மாதமாக, "அடுத்த வாரம் வருவீங்களா?" என்று கேட்ட எல்லாரிடமும் "பாப்பம்" என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். இன்று காலை ஏலாக்குறிச்சிப் பக்கம், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கும் ஒரு பெரியவர் அதையே கேட்டார்.

"கண்டிப்பா வருவேங்க" என்றேன்.